காலியாக இல்லை என்றது கம்ப்யூட்டர்

சின்னவளின் அப்பா வழியில் எல்லோரும் எதையும் தூக்கிப் போடத் தெரியாதவர்கள். அவளுடைய சித்தப்பா கம்பி ஒடிந்த குடைகளையே ஒரு மூலை நிறையச் சேர்த்து வைத்திருந்தார். அத்தை வீட்டில் பழைய செய்தித்தாள் கட்டுகளுக்கு நடுவே பக்கவாட்டில் நடந்துதான் சமையலறைக்குப் போக முடியும். அம்மா வழி இதற்கு நேர் எதிர். தாய்மாமன் ஒருமுறை வீட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கி, அவர் மனைவியின் புதுச் செருப்பைக் குப்பைக்காரரிடம் கொடுத்துவிட்டார். கேட்டதற்கு, "அது ரெண்டு நாளா ஒரே எடத்துல கெடந்துச்சு, யாருக்கும் வேணாம்னு நெனச்சேன்" என்றாராம். சின்னவள் அந்தத் தாய்மாமன் ஜாடை. மூக்கு மட்டுமில்லை, கையும் அதே கைதான்.

அவள் வளர்ந்தது அக்கா வீட்டில். அப்பா போய், அம்மாவும் படுத்த படுக்கையாகிப் போய்ச் சேர்ந்த பிறகு, கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த அக்கா, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தங்கையைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் ஆசிரியர். வாசலில் பெட்டியோடு நின்ற பெண்ணைப் பார்த்து, "மொதல்ல மாடி அறைய ஒழிச்சுக் குடுங்க, அப்புறம் அழலாம்" என்று சொன்னார். அவ்வளவுதான் வரவேற்பு.

அவர் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசினாலும் அடுத்த தெருவில் நிற்பவரைக் கூப்பிடுவது மாதிரி இருக்கும். நாள் முழுக்க ஹாரன் சத்தத்துக்கு நடுவே, பதறிப்போன ஆட்களின் காதில் ஏறும்படி பேசிப் பேசி அப்படியே உறைந்துவிட்ட குரல். ரகசியம் பேச வேண்டுமென்றால் அக்கா அவரை ஜன்னல் சாத்திய அறைக்குக் கூட்டிப் போவாள். அப்படியும் மாடியில் படித்துக்கொண்டிருந்த சின்னவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். தன்னை மேல்படிப்புக்கு அனுப்புவதா என்ற பேச்சைக்கூட அவள் அப்படித்தான் கேட்டாள். அவ படிக்கட்டும், நம்ம வீட்ல ஒருத்தியாவது உக்காந்து வேல பாக்கட்டும் என்று அவர் அடித்துச் சொன்னது தரை வழியாக ஏறி வந்து அவள் உள்ளங்காலில் அதிர்ந்தது.

படித்தாள். வேலையும் கிடைத்தது. நோயினால் பேச்சை இழக்கப் போகிறவர்களுக்குக் குரல் செய்து கொடுக்கும் கம்பெனி. பேச்சு இருக்கும்போதே அந்த ஆள் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து வாக்கியங்களாகப் படித்துப் பதிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் அதைக் கேட்டுப் பழகிக்கொள்ளும். பிறகு அவர் டேப்லெட்டில் தட்டச்சு செய்தால் அவர் குரலிலேயே அது பேசும். முதல்முறை அக்கா இதைக் கேட்டபோது, செத்தவங்க பேசுற மாதிரி இருக்குமேடி என்று முகத்தைச் சுளித்தாள்.

சின்னவளின் வேலை குரலில் இல்லை, இடத்தில். புதிதாக எதை எழுதினாலும் வெளியே விடுவதற்கு முன் ஓட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டும். டெஸ்ட் என்விரான்மென்ட் என்று அங்கே சொல்வார்கள், நாம் சோதனைக்களம் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குக் கம்ப்யூட்டர்கள், அவற்றை இணைக்கும் வழிகள், தகவல் போட்டு வைக்க ஒரு கிடங்கு எல்லாம் வேண்டும். எதுவும் ஆபீசில் கிடையாது. கிளவுடு என்று பெயர் வைத்து எங்கோ கொட்டகை கொட்டகையாக அடுக்கி வைத்திருக்கிறவர்களிடம் வாடகைக்கு எடுப்பதுதான். முன்பெல்லாம் ஒவ்வொருவரும் கையால் ஒவ்வொன்றாகச் சொடுக்கி எடுப்பார்கள். எடுத்தவர் வேலை முடிந்ததும் மறந்துவிடுவார். வேலையை விட்டே போனவர் எடுத்த இடம்கூட வருஷக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். கை வைத்தால் யாருடைய வேலை நிற்குமோ என்று பயந்து ஒருவரும் தொடமாட்டார்கள். சிலர் அதில் தங்கள் சொந்தப் பொருள்களைப் போட்டு வைத்திருந்தார்கள். எப்படியும் அழியாது என்று தெரியும் அல்லவா.

இதைப் பார்த்ததும் சின்னவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. சித்தப்பாவின் குடை மூலைக்குள் வேலைக்கு வந்துவிட்டோமோ என்று அக்காவிடம் புலம்பினாள்.

அவள் செய்தது இது. ஒரு சோதனைக்களத்துக்கு என்னென்ன வேண்டும், எது எதோடு சேர வேண்டும் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குப் புரியும் நிரலாக எழுதி வைத்துவிட்டாள். இனி யாரும் கையால் சொடுக்க வேண்டாம். இடம் வேண்டும் என்று கேட்டால் போதும், கம்ப்யூட்டரே அந்த எழுத்தைப் படித்து, தேநீர் ஆறுவதற்குள் முழுக் களத்தையும் எழுப்பி, அதற்கு ஒரு பறவையின் பெயரையும் சூட்டிக் கையில் கொடுக்கும். வேலை முடிந்தாலும், சில நாள் யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும், எடுத்தவருக்கு ஒரு தகவல் போகும். பதில் வராவிட்டால் தானாகவே இடித்துத் தள்ளிவிடும். மறுபடி வேண்டுமா, மறுபடி கேள். அச்சு அசலாக அதே மாதிரி எழும்பும்.

ஆபீஸ் வாயைப் பிளந்தது. துடைப்பம் என்று பட்டப்பெயரும் வைத்தது. அவள் நடந்து வந்தால் காபிக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொள்வார்கள், கீழே வைத்தால் போய்விடுமாம். அவளுக்கு அதில் பெருமைதான். ஆபீஸ் பக்கம் தனி அறை எடுத்துத் தங்கியிருந்தவள், ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிடும்போது, ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் எழும்பும், இன்னொன்றை அமுக்கினால் எல்லாம் மறையும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். மாமா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்ப அந்தப் பாத்திரத்தையும் ஒரு பொத்தான அமுக்கித் தேச்சுடு" என்பார்.

அந்த மாமாவுக்குத்தான் தொண்டையில் வந்தது.

முதலில் கரகரப்பு. கத்திக் கத்தி வந்தது என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் சொன்னார். சுடுதண்ணீர் குடித்தார், மிட்டாய் சப்பினார். டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்த பிறகு அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். புற்றுநோய், குரல்வளையை எடுத்தாக வேண்டும், எடுத்தால் ஆள் பிழைப்பார், ஆனால் பேச்சு போய்விடும். அக்கா நாற்காலியில் உட்காரப் போய், நாற்காலி இல்லாத பக்கம் உட்கார்ந்துவிட்டாள்.

சின்னவள்தான் மாமாவைத் தன் கம்பெனிக்குக் கூட்டிப் போனாள். ஒலிப்பதிவுக்காரர் அவளுக்கு அண்ணன் மாதிரி. பஞ்சு வைத்து அடைத்த அந்த அறைக்குள் மாமாவை உட்கார வைத்து வாரக்கணக்கில் படிக்க வைத்தார். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள், மைக் தாங்காது என்று கெஞ்சிப் பார்த்தார். மாமா, இதுதான் மெதுவு என்றார். எழுதிக் கொடுத்த வாக்கியங்கள் தீர்ந்த பிறகு அவர் தன் இஷ்டத்துக்குப் பேசினாராம். அக்காவைக் கூப்பிடுவது, பிள்ளைகளைத் திட்டுவது, எதிர்வீட்டுக்காரரை நக்கல் அடிப்பது எல்லாம். கண்ணாடிக்கு வெளியே நின்ற சின்னவள் சிரித்துச் சிரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது, அப்போது யாரும் அதைச் சிக்கல் என்று நினைக்கவில்லை. மாமா பேசும் மொழியை ஒழுங்காகப் பழகிக்கொள்ளும் புதுப்பதிப்பு இன்னும் வெளியே வரவில்லை, சோதனையில்தான் இருந்தது. நம்ம துடைப்பத்தின் மாமாவுக்கு நல்லதாகச் செய்து கொடுப்போமே என்று, ஒலிப்பதிவுக்காரர் ஒரு சோதனைக்களத்தைக் கேட்டு வாங்கி, பதிவு முழுவதையும் அதன் கிடங்கில் ஏற்றினார். பக்கெட் என்று சொல்வார்கள் அந்தக் கிடங்கை. அவர் பழைய காலத்து ஆள். சோதனை இடமென்றால் கேட்பாரற்று நிரந்தரமாகக் கிடக்கும் என்றுதான் அவருக்குத் தெரியும். கிளவுடில் ஏற்றியாயிற்றே என்று அறைக்குள் இருந்த கம்ப்யூட்டரில் இருந்ததை அடுத்தவருக்காகத் துடைத்தும் விட்டார். எங்கே வைத்தீர்கள் என்று சின்னவள் கேட்கவில்லை. பத்திரமாக வைத்திருப்பார் என்று நினைத்தாள்.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதற்குள் ஒலிப்பதிவுக்காரரின் மனைவிக்குப் பிரசவமாகி, அவர் லீவில் போய்விட்டார். பிறந்த குழந்தையைக் கையில் வைத்திருக்கிறவர் ஆபீஸ் தகவலைத் திறந்து பார்ப்பாரா. உங்கள் களத்தை யாரும் தொடவில்லை, வைத்துக்கொள்ளவா இடிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டுக் கேட்டுப் பதில் வராமல், இடிக்கப் போனது.

போன இடத்தில் நின்றுவிட்டது.

வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் ஒரு பாதுகாப்பு வைத்திருப்பார்கள். பக்கெட்டுக்குள் ஏதாவது இருந்தால் அது தன்னை அழிக்க விடாது. சின்னவளின் திரையில் சிவப்பு எழுத்து வந்தது. பறவைப் பெயர் கொண்ட ஒரு களம், அதன் பக்கெட் காலியாக இல்லை, அழிக்க முடியாது. இந்த மாதிரிச் சிவப்பு அடிக்கடி வரும். யாரோ விட்டுப்போன சோதனைக் குப்பை, ஒவ்வொரு தடவையும் உள்ளே போய்க் காலி செய்ய வேண்டும். அன்றைக்கு அவளுக்குப் பொறுமை இல்லை. மாமாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அக்கா வீட்டிலிருந்து மாற்றுத்துணி எடுத்துப் போக வேண்டும். எல்லாக் களத்துக்கும் பொதுவான எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள். உள்ளே என்ன இருந்தாலும் சரி, கேட்காமல் அழித்துவிடு என்று அர்த்தம். மறுபடி ஓட்டினாள். சிவப்பு போய்ப் பச்சை வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், மாமா எழுதிக் காட்டும் பலகையில் அவரோடு சண்டை போட்டுச் சிரித்துவிட்டு வந்தாள்.

ஒலிப்பதிவுக்காரர் லீவு முடிந்து வந்த அன்று மிட்டாய்ப் பெட்டியோடு வந்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனவர், கொஞ்ச நேரத்தில் அவள் மேசைக்கு வந்து நின்றார். கையில் மாமாவுக்குக் கொடுப்பதற்கான டேப்லெட் இருந்தது.

"துடைப்பம், என் எடத்தக் காணோமே. மாத்தி வச்சிருக்கியா?"

"எந்த எடம்ணே?"

"அதான், மாமா குரல் வச்சிருந்தேனே. ஏதோ பறவ பேரு. மீன்கொத்தின்னு நெனைக்கிறேன்."

அவள் வாயில் மிட்டாய் இருந்தது. கடிக்கவும் இல்லை, விழுங்கவும் இல்லை. மீன்கொத்தி என்ற பெயரைப் பச்சை எழுத்தில் பார்த்தது கண்ணுக்குள் அப்படியே இருந்தது. காது அடைத்துக்கொண்டது. அவர் ஏதோ கேட்டுக்கொண்டே இருப்பது வாய் அசைவதில் தெரிந்தது, சத்தம் வரவில்லை. மெதுவாக மிட்டாயைக் கையில் எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்தாள். எதற்கு அப்படி மடித்தாள் என்று அவளுக்கே பிறகு புரியவில்லை.

தேடினார்கள். ஆபீஸே தேடியது. வாடகைக்குக் கொடுத்தவர்களிடம் கேட்டதற்கு, நீங்கள் அழிக்கச் சொன்னீர்கள், அழித்தோம், எங்களிடம் நகல் கிடையாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. சோதனைக்களம் என்பதால் கம்பெனியும் நகல் வைக்கவில்லை. நகல் வேண்டாம் என்று எழுதியதும் சின்னவள்தான். இருக்கும் துண்டுதுணுக்காவது கிடைக்குமா என்று போனைத் துழாவினாள். மாமா எப்போதும் நேரில் கத்துகிறவர், போனில் குரல் அனுப்பிப் பழக்கமில்லை. அகப்பட்டவை, "சரி, வை", "வரேன், வை", அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு போனை வைக்கச் சொல்ல மட்டும்தான் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்கலாம் என்று ஒலிப்பதிவுக்காரர் சொல்லிவிட்டு, சொன்னதற்காகத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

மேனேஜர் அவர்மேல்தான் பாய்ந்தார். உண்மையான ஆளின் குரலைச் சோதனைக்களத்தில் வைப்பார்களா என்று. விதிப்படி அது சரிதான். சின்னவள் எழுந்து நின்று, கம்ப்யூட்டர் என்னைக் கேட்டது, காலியாக இல்லை என்று சொன்னது, நான்தான் அதன் வாயை அடைத்தேன் என்றாள்.

ஆஸ்பத்திரியில் மாமா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்தில் துணிக்கட்டு. அக்கா அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு டேப்லெட் வரும் என்று நர்ஸ் வரை எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள். முதலில் என்ன பேசப் போகிறார் என்று பக்கத்துக் கட்டில்காரர்கூடக் கேட்டிருந்தார்.

சின்னவள் நின்றபடியே சொன்னாள். வரும் வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்ததில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, மாமா குரல் போச்சு, நான்தான் அழிச்சேன் என்று மட்டும் வந்தது.

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. நகவெட்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"போனா என்ன, திரும்ப எழுப்பு. நீதானே சொல்லுவ, பொத்தான அமுக்குனா எல்லாம் அப்படியே எழும்பும்னு."

"எடம் எழும்பும்க்கா. உள்ள வச்சிருந்தது எழும்பாது."

"அப்ப இன்னொரு தடவ பேசச் சொல்லி..." என்று அக்கா ஆரம்பித்தாள். பாதியில் அவள் பார்வை கழுத்துக் கட்டின்மேல் போய் நின்றது. அந்த இடத்தில்தான் அவளுக்குப் புரிந்தது.

மாமா பலகையை எடுத்தார். எல்லாமுமா என்று எழுதினார். அவள் தலையாட்டினாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் தானே படித்துப் பார்த்தார். பிறகு அழிக்காமல் பலகையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தெருவே நடுங்கத் திட்டுகிற மனிதர். அவர் திட்டாமல் திரும்பிக்கொண்டது சின்னவளுக்குக் கன்னத்தில் விழுந்தது போல இருந்தது.

"நீ போடி. இப்ப போ" என்றாள் அக்கா.

போனாள். அதன்பிறகு அக்காவிடமிருந்து போன் வரவில்லை. இவள் அழைத்தால் பெரிய பிள்ளை எடுத்து, அப்பா நல்லாருக்கார் சித்தி என்று சொல்லி வைத்துவிடுவான். தாய் வீடு என்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் அறையில் சோறு வடித்து, தட்டில் போட்டு, அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

ஆபீசில் அந்த வரியை எடுத்துவிட்டாள். பக்கெட்டில் ஒன்று இருந்தாலும் இனி இடிப்பு நிற்கும், ஒரு மனிதர் உள்ளே போய்ப் பார்த்து, இது யாருடையது என்று கேட்டு, பதில் வாங்கிய பிறகுதான் மேற்கொண்டு நடக்கும். மறுபடி குப்பை சேருகிறதே துடைப்பம் என்று புதிதாக வந்தவர்கள் சலித்துக்கொண்டார்கள். சேரட்டும் என்றாள். வெற்றுச் சோதனைச் சத்தத்தைக்கூட முழுக்கக் கேட்டுவிட்டு அழித்தாள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா மாமாவுக்கு டேப்லெட்டில் ஆயத்தக் குரல்களைப் போட்டுக் காட்டினாராம். வயசுக்கேற்றதெல்லாம் தூங்கி வழிகிறது என்று மாமா தள்ளிவிட்டு, ஒரு வாலிபனின் குரலைத் தேர்ந்தெடுத்தாராம். இதெல்லாம் பெரிய பிள்ளை சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் அக்காவே கூப்பிட்டாள். நல்லா இருக்கியா என்று கேட்கவில்லை. சாயங்காலம் வந்துட்டுப் போ என்றாள், அவ்வளவுதான்.

அக்கா கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள், வழி விட்டாள். சின்னவள் ஒரு காலை உள்ளே வைத்திருப்பாள், கூடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாரு வந்திருக்கா?"

பளிச்சென்ற, மிருதுவான, முன்பின் தெரியாத ஒரு வாலிபனின் குரல். அந்த வீட்டில் அப்படி ஒருவர் இருக்க நியாயமே இல்லை. யாரோ விருந்தாளி என்று ஒரு கணம் நினைத்தேவிட்டாள். நினைத்தது புரிந்ததும் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இதை அக்கா தினமும் காலையிலிருந்து இரவு வரை கேட்கிறாள். இந்தக் குரல்தான் அக்காவிடம் தண்ணீர் கேட்கிறது.

அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதில் சொல்லுடி" என்றாள் தணிந்த குரலில். "நானும் மொத நாள் யாரோன்னு பேசாம நின்னுட்டேன். ரொம்ப நேரம் அப்படியே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்படி விடாத."

தெரியாத ஓர் ஆளைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்வது போலச் சின்னவளுக்கு நாக்கு புரள மறுத்தது.

"நான்தான் மாமா."

கூடத்திலிருந்து டேப்லெட் கண்ணாடியில் விரல் தட்டும் சத்தம் வந்தது. மெதுவாக, தேடித் தேடி, ஒவ்வோர் எழுத்தாக. அக்காவும் தங்கையும் வாசலிலேயே நின்று அது முடியும்வரை காத்திருந்தார்கள்.

"தெரியுது. உள்ள வந்து கதவச் சாத்து, கொசு வருது" என்றது அந்தக் குரல்.